தப்பான பக்கம் கதவு வைத்த பஸ்

காமினிக்குக் குழப்பம் கடிகாரத்தில்தான் தொடங்கியது.

ஐந்தாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் மணி எட்டு. ஜன்னலுக்கு வெளியே, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் வெயில் இப்போதே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வகுப்பறைத் திரையில் தெரிந்த ஊரிலும் மணி எட்டுதான். ஆனால் அங்கே கும்மிருட்டு!

"டீச்சர், அவங்க ஊர்ல கரண்டு பில் கட்டலையா?" என்று கேட்டான் சிக்கந்தர்.

"அங்க ராத்திரி எட்டு மணிடா. அது உலகத்துக்கு அந்தப் பக்கம்" என்றார் ருக்குமணி டீச்சர்.

திரையில் ஒரு பெண் கையசைத்தார். தலையில் கறுப்புத் தொப்பி. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் அது உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. எப்படி விழாமல் இருக்கிறது என்பது காமினியின் இரண்டாவது குழப்பம்.

அவர் பெயர் வில்மா. தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் லா பாஸ் நகரில் வழிகாட்டியாக இருக்கிறார். ஊர் பார்க்க வருகிறவர்களைத் தெருத்தெருவாக அழைத்துப் போய்க் காட்டுவார். இன்று அவர் கையில் இருக்கும் கைப்பேசி வழியாக ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் லா பாஸைச் சுற்றப் போகிறார்கள். விமானம் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம், காலில் செருப்புகூட வேண்டாம்.

வில்மா ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் சொல்வது காமினியின் வேலை. வகுப்பு கேட்பதை அவரிடம் கேட்பதும் அவள்தான். "இந்தப் பக்கத்துக்கு நீதான் வழிகாட்டி" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்காகவே காமினி சடையை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள்.

"வணக்கம் பினாங்கு!" என்றார் வில்மா. "இங்கே இன்னும் திங்கட்கிழமைதான். நீங்கள் செவ்வாய்க்கிழமைக்கே போய்விட்டீர்கள். அதாவது, என்னுடைய நாளையில் நீங்கள் இப்போதே இருக்கிறீர்கள். சொல்லுங்கள், நாளை எப்படி இருக்கிறது?"

காமினி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தனக்கே புரியாமல் விழித்தாள்.

"நாளைக்கு நல்ல வெயில்! கேன்டீன்ல மீ கோரெங் நூடுல்ஸ்!" என்று கத்தினான் சிக்கந்தர்.

"அப்படியானால் பயமில்லாமல் வரலாம்" என்று வில்மா சிரித்தார்.

வகுப்பே சிரித்தது. காமினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குகன் மட்டும் சிரிக்கவில்லை.

குகனின் அப்பா மோகனராஜ், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். வெள்ளை பஸ், நீலக் கோடு. கடைசி ஆள் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பஸ்ஸின் பக்கவாட்டில் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்கு 'எல்லாரும் ஏறியாச்சு, கிளம்பலாம்' என்று அர்த்தம். குகனைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடும்போதும் அப்படியே பெட்ரோல் டாங்கியில் தட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

பொங்கல் முடிந்த வாரத்தில், மழையில் அந்த மோட்டார் சைக்கிள் வழுக்கிவிட்டது. மோகனராஜின் வலது கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

பன்னிரண்டு வயது ஆகாதவர்களை அந்த வார்டுக்குள் விடுவதில்லை. குகனுக்குப் பதினொன்று.

"அம்மா போறாங்க, வர்றாங்க. 'அப்பா நல்லா இருக்காரு'ன்னு சொல்றாங்க. வீடியோ கால் போடுங்கன்னா, 'தூங்குறாரு'ங்கிறாங்க. எப்பக் கேட்டாலும் ஒருத்தர் தூங்குவாரா?" என்று குகன் அன்று காலையில்கூடக் கேட்டிருந்தான்.

 அவனுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று காமினிக்குத் தோன்றியது.

"நான் வழிகாட்டிதான். ஆனால் இன்று இடமா வலமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் வில்மா.

"லெஃப்ட்!" என்றது பாதி வகுப்பு. "ரைட்!" என்றது மீதி வகுப்பு. வில்மா நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். திரையில் லா பாஸ் முழுவதும் சுழன்றது. டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் லெஃப்ட் ஜெயித்தது. ஒரு பெரிய சதுக்கம் வந்தது. அங்கிருந்த கட்டடத்தின் உச்சியில் ஒரு கடிகாரம். அதில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. முட்கள் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கமாகச் சுற்றின.

"டீச்சர்! இதனாலதான் இவங்க இன்னும் நேத்துலயே இருக்காங்க!" என்றான் சிக்கந்தர்.

அடுத்து வில்மா கேபிள் கார் ஏறினார். பினாங்கில் பஸ் ஓடுவதுபோல் லா பாஸில் கேபிள் கார்கள் ஓடுகின்றன. வேலைக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே போகிறார்கள். கீழே, மலைச் சரிவெல்லாம் விளக்குகள். நட்சத்திரங்களை ஒரு பெரிய சட்டியில் கொட்டி வைத்ததுபோல் இருந்தது.

"நம்ம கொடிமலையை ஒண்ணு மேல ஒண்ணா நாலு அடுக்கினாலும் இந்த ஊர் அதைவிட உயரத்துல இருக்கும்" என்றார் டீச்சர்.

கேபிள் காருக்குள், எதிர் இருக்கையில், ஒரு வரிக்குதிரை தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வகுப்பு முழுவதும் திரையை நோக்கிச் சாய்ந்தது.

"இவன் பெரிய சாலையில் ஆட்களைப் பத்திரமாகக் கடக்க வைப்பவன். வரிக்குதிரை வேஷம் போட்டுக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்வார்கள். இப்போது வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறான்" என்று விளக்கினார் வில்மா. வேர்த்து வழிந்த முகத்தோடு ஓர் இளைஞன் தன் குளம்பை ஆட்டினான்.

அவன் பக்கத்தில் ஒரு பெண், பல நிறக் கோடு போட்ட துணியில் எதையோ கட்டி முதுகில் சுமந்திருந்தார்.

"உள்ளே என்ன இருக்கும்?" என்று கேட்டார் வில்மா.

"பாப்பா!" என்றது வகுப்பு ஒரே குரலில்.

அந்தப் பெண் துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே உருளைக்கிழங்கு!

இதற்குக் குகன்கூட லேசாகச் சிரித்தான். காமினிக்கு அப்பாடா என்று இருந்தது.

கேபிள் காரை விட்டு இறங்கியதும் வில்மா ஒரு சந்தைக்குள் நுழைந்தார். ஒரே வெளிச்சம், ஒரே கூட்டம். கடை கடையாக எல்லாம் குட்டிக் குட்டிப் பொருள்கள். கட்டைவிரல் அளவு அரிசி மூட்டை. தீப்பெட்டி அளவு கார். உள்ளங்கையில் அடங்கும் அட்டை வீடு. கட்டுக் கட்டாகப் பொம்மைப் பணம். ஆனால் வாங்குகிறவர்கள் குழந்தைகள் இல்லை, பெரியவர்கள்!

"இவங்க எதுக்குப் பொம்மை வாங்குறாங்க?" என்று காமினி கேட்டாள்.

வில்மா கண்ணைச் சிமிட்டினார். "ரகசியம். கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். அவருக்காக நான் இங்கே கொஞ்சம் பொருள் வாங்கப் போகிறேன்."

"எனக்கு! எனக்கு!" என்று இருபது கைகள் உயர்ந்தன.

காமினி யாரையும் கேட்கவில்லை. "குகனோட அப்பாவுக்கு வாங்குங்க. பேரு மோகனராஜ். கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

வில்மாவின் முகம் கனிந்தது. "அப்படியானால் எல்லாமே வாங்கிவிடலாம்" என்றார்.

குகன் ஆச்சரியமாகக் காமினியைப் பார்த்தான். காமினிக்குப் பெருமை தாங்கவில்லை.

வில்மா ஓர் அட்டை வீடு வாங்கினார். ஒரு கார் வாங்கினார். பணக் கட்டு ஒன்று வாங்கினார்.

"டேய், இது டான் அங்கிள் கடை மாதிரியே இருக்குல்ல?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

டான் அங்கிள் கடை அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். குகன் வீடு அந்தக் கடையின் மேல்மாடிதான். டான் அங்கிள் மூங்கிலாலும் காகிதத்தாலும் வீடு செய்வார், கார் செய்வார், கட்டுக் கட்டாகக் காகிதப் பணமும் விற்பார். சீனர் வீடுகளில் யாராவது இறந்துவிட்டால் அவற்றை வாங்கிப் போவார்கள். காகித வீட்டில் இறந்தவரின் பெயரை எழுதி, எரிப்பார்கள். அந்தப் புகையோடு அவை எல்லாம் அவரிடம் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

குகன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

திரையில் வில்மா ஒரு பேனாவை எடுத்தார். அட்டை வீட்டின் வாசலில் எழுதினார்: மோகனராஜ்.

பிறகு ஒரு முதியவரிடம் போனார். முதியவர் வீட்டையும் காரையும் பணத்தையும் ஒரு தட்டில் வைத்து, மேலே பூவிதழ்களைத் தூவினார். கீழே தணல் இருந்தது. குபுகுபுவென்று புகை எழுந்தது.

"எங்கப்பா சாகல!"

குகன் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "எங்கப்பா சாகல! இல்ல... எல்லாரும் என்கிட்ட மறைக்கிறீங்களா?"

அடுத்த நொடி அவன் வகுப்பறையில் இல்லை.

"காமினி, லைனைக் கட் பண்ணாதே. இரு, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ருக்குமணி டீச்சர் அவன் பின்னால் ஓடினார்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. "பாவம்லா அவன்." "ஏன் அப்படிச் செஞ்சாங்க?" "அவங்கப்பாவுக்கு நிஜமாவே ஏதாச்சும் ஆயிருச்சா?"

சிக்கந்தர் விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினான்.

 பெயரைச் சொன்னது யார்? காமினிதானே? கணினியைப் பட்டென்று மூடிவிடலாமா என்று கை பரபரத்தது.

"என்ன ஆயிற்று? அந்தப் பையன் ஏன் ஓடினான்? நான் என்ன தப்புச் செய்தேன்?" திரையில் வில்மா பதறிக்கொண்டிருந்தார். அவருக்கும் குழப்பம்.

மூடப் போன காமினியின் கை நின்றது. வில்மாவுக்குப் பின்னால் சந்தை நடந்துகொண்டே இருந்தது. ஓர் அண்ணனும் அக்காவும் குட்டி வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு, எந்த அறை யாருக்கு என்று விரல் நீட்டிச் சண்டை போட்டுச் சிரித்தார்கள். இன்னொருவர் குட்டிப் பெட்டி ஒன்றைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். ஒருவர் முகத்தில்கூட அழுகை இல்லை.

டான் அங்கிள் கடைக்கு வருகிறவர்கள் இப்படிச் சிரித்து காமினி பார்த்ததே இல்லை.

"வில்மா அக்கா, ஒரு கேள்வி" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "அந்த வீட்டை எப்ப எரிப்பீங்க?"

"எரிப்பதா?" வில்மா தட்டிலிருந்த வீட்டைச் சட்டென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "எதற்காக எரிக்க வேண்டும்? இப்போதுதானே வாங்கினேன்!"

"அப்போ இதெல்லாம் செத்துப்போனவங்களுக்கு இல்லையா?"

வில்மாவின் வாய் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. "ஐயோ குழந்தையே! இதெல்லாம் இனிமேல் வரப்போவதற்கு!"

பிறகு அவர் வேக வேகமாகச் சொன்னார். ஜனவரி கடைசியில் லா பாஸில் இந்தச் சந்தை கூடும். யாருக்கு என்ன கிடைக்க வேண்டுமோ, அதைக் குட்டியாக வாங்குவார்கள். அந்த வருடத்துக்குள் அது பெரியதாக வந்து சேரும் என்பது நம்பிக்கை. தானே வாங்கிக்கொள்வதைவிட இன்னொருவர் அன்பாக வாங்கிக் கொடுத்தால் இன்னும் விசேஷம்.

"போன வருடம் என் தங்கை எனக்கு இதை வாங்கிக் கொடுத்தாள்" என்று தன் பையிலிருந்து நக அளவு கைப்பேசி ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஆறு மாதத்தில் இந்த நிஜக் கைப்பேசி வந்தது. இதில்தான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்."

"பேரு எதுக்கு எழுதுனீங்க?"

"பெயர் இல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடுமே!"

"புகை?"

"அது வாழ்த்து."  "ரகசியம் என்று நான் மூடி வைத்திருக்கக் கூடாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பையனைக் கூட்டி வருகிறாயா?"

"சிக்கந்தர், நீ இங்க பேசிட்டிரு" என்று சொல்லிவிட்டுக் காமினி ஓடினாள்.

"நானா? இங்கிலீஷ்லயா?" என்று அலறினான் சிக்கந்தர்.

கேன்டீனுக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களுக்கு அருகில் குகன் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அது வேற ஊரு வழக்கம், குகன். அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க" என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கே அது என்ன வழக்கம் என்று தெரியாததால் குரலில் பலம் இல்லை.

குகன் தலையைத் தூக்கிக் காமினியைப் பார்த்தான். "நீதானே அப்பா பேரைச் சொன்ன?"

"ஆமா. நான்தான்" என்றாள் காமினி. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வில்மா சொன்னது எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள்.

குகன் நம்பவில்லை. "சும்மா சமாதானத்துக்குச் சொல்றாங்க. வீடு, காரு, காசு, பூ, புகை. அதுல அப்பா பேரு! நான் தினமும் பாக்குறேன் காமினி. எனக்குத் தெரியாதா?"

காமினி யோசித்தாள். வில்மா சொன்னதையே மறுபடி சொல்லிப் பயனில்லை. அப்போது குகன் வீட்டுக்குப் போனபோது பார்த்த ஒன்று அவள் நினைவுக்கு வந்தது.

"உங்க வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால, வெள்ளித் தகட்டுல செஞ்ச கால் ஒண்ணு இருக்குல்ல?"

"அது தைப்பூசத்துக்கு. தண்ணீர்மலை முருகனுக்குப் போட அம்மா வாங்கி வச்சிருக்காங்க. அப்பா கால் நல்லாகணும்னு."

"அதுல உங்கம்மா குங்குமம் வச்சிருக்காங்க. பூ வச்சிருக்காங்க. முன்னால சாம்பிராணி புகையுது. சரியா?"

"ஆமா."

"வில்மா அக்கா திடீர்னு உங்க வீட்டுக்குள்ள வந்து அதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

குகன் மூக்கை உறிஞ்சினான். யோசித்தான். "யாரோட காலையோ... வெட்டி எடுத்துட்டோம்னு."

"குங்குமத்தைப் பார்த்தா?"

"ரத்தம்னு நினைப்பாங்க."

"அப்புறம்?"

"அலறிக்கிட்டு மாடியில இருந்து எறங்கி ஓடுவாங்க" என்றான் குகன். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அவனுக்கு விக்கல் எடுத்தது. டீச்சர் குழாயைத் திறந்து அவன் முகத்தைக் கழுவிவிட்டார்.

"நீயும் அப்படித்தான் இப்ப ஓடி வந்திருக்க" என்றாள் காமினி.

குகன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

மூவரும் வகுப்பறைக்குத் திரும்பியபோது, சிக்கந்தர் திரைக்கு முன்னால் நின்று கைகளை வீசி நடித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டார் நடத்தும் கடையில் ரொட்டி சானாய்ப் பரோட்டா மாவை எப்படி வீசுவார்கள் என்று வில்மாவுக்கு விளக்கமாம். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ரொட்டி', 'ஸ்ட்ராங்', 'ஃப்ளை' என்ற மூன்று சொற்களோடு தீர்ந்துவிட்டிருந்தது.

குகனைக் கண்டதும் வில்மா தொப்பியைக் கழற்றினார். "என்னை மன்னித்துவிடு, தம்பி" என்றார். காமினி அதைத் தமிழில் சொன்னாள்.

குகன் தலையாட்டினான். பிறகு காமினியின் காதில், "வீடு வேணாம். எங்களுக்கு வீடு இருக்கு. பஸ் கிடைக்குமான்னு கேளு" என்றான்.

அவ்வளவுதான்! வில்மா கடைகளுக்கு நடுவே ஓடத் தொடங்கினார். இப்போது வழி காட்டியது வகுப்பு.

"லெஃப்ட்! லெஃப்ட்!"

"அது லாரி! தள்ளிப் போங்க!"

"அது ஏரோப்பிளேன்!"

"திரும்புங்க அக்கா, திரும்புங்க! அந்த நீலக் கூடைக்குப் பக்கத்துல!"

சிக்கந்தர்தான் கண்டுபிடித்தான். கூடைக்குப் பக்கத்தில், வரிசையின் ஓரத்தில் ஒரு குட்டி பஸ். வெள்ளை நிறம். அதில் நீலக் கோடுகூட இருந்தது!

வில்மா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வகுப்பு கைதட்டியது. குகன் திரைக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தான்.

"கதவு தப்பான பக்கம் இருக்கு" என்றான்.

உண்மைதான். பினாங்கில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் ஓடும். லா பாஸில் வலது பக்கம். அதனால் பஸ் கதவும் வலது பக்கத்தில் இருந்தது.

"இது பாயான் லெப்பாஸ்ல ஓடுனா, எல்லாரும் நடு ரோட்டுல நின்னுதான் ஏறணும்" என்றான் குகன்.

வில்மா கடைக்கார அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா ஒவ்வொரு பஸ்ஸாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எல்லாக் கதவும் அதே பக்கம்தான்.

"வேண்டாமா?" என்று கேட்டார் வில்மா.

குகன் கொஞ்சம் யோசித்தான். "பரவால்ல, இருக்கட்டும். அப்பா வந்து சரி பண்ணிக்குவாரு."

பஸ்ஸின் நெற்றியில் வில்மா மோகனராஜ் என்று எழுதினார். முதியவர் பூவிதழ் தூவினார். புகை எழுந்தபோது குகன் தன்னையறியாமல் கைகூப்பினான். பிறகு, "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்று காமினியின் முழங்கையை இடித்தான்.

"போதும்டா, எஞ்சின் சூடாயிருச்சுன்னு உங்கப்பா நினைச்சுக்குவாரு" என்றான் சிக்கந்தர்.

அன்று சாயங்காலம் காமினியும் குகனும் ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், ஓர் அங்சானா மரத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தார்கள். கூடவே காமினியின் அம்மா குமுதா.

பள்ளி விட்டதும் காமினி நடந்ததை எல்லாம் அம்மாவிடம் கொட்டிவிட்டாள். குமுதா உடனே குகனின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "பையன் மனசுல என்னென்னமோ நினைச்சுப் பயந்து கிடக்கிறான் அக்கா. எப்படி இருந்தாலும் சரி, அண்ணன் முகத்தை அவனுக்குக் காட்டுங்க" என்று சொல்லியிருந்தார்.

குமுதாவின் கைப்பேசி ஒலித்தது. திரையில் மோகனராஜ். கன்னம், நெற்றி எல்லாம் சிராய்ப்பு. ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது.

"அப்பா!"

"பயந்துட்டியாடா? இந்த மூஞ்சியைப் பார்த்தா நீ அழுவேன்னுதான் தூங்குறேன் தூங்குறேன்னு..."

"இவ்ளோதானா?" என்றான் குகன்.   "சிக்கந்தர் பந்துல அடி வாங்குனப்ப இதைவிட மோசமா இருந்தான்."

மோகனராஜ் சிரித்தார். சிரித்ததும் கன்னம் வலித்து, ஆவென்றார்.

வில்மா எடுத்து அனுப்பியிருந்த பஸ் படத்தைக் குகன் அப்பாவுக்கு அனுப்பினான்.  பஸ்ஸின் நெற்றியில் இருந்த தன் பெயரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று, "டேய், கதவு தப்பான பக்கம் இருக்கே! இதை வச்சு நான் எப்படிடா ஆள் ஏத்துறது?" என்றார்.

"நீங்கதான் வந்து சரி பண்ணணும்."

"ஆகட்டும்டா, ஆகட்டும்."

"எப்படி ஆகும்?" என்று பின்னாலிருந்து ஒரு தாதியின் குரல் கேட்டது. "தினமும் வாக்கரைப் பிடிச்சு எழுந்து நில்லுங்கன்னு கெஞ்சுறோம். தினமும் நாளைக்கு, நாளைக்குங்கிறாரு."

"நாளைக்குக் கண்டிப்பா நிக்கிறேன் மிஸ்ஸி. இன்னைக்கு வலிக்குது."

குகன் கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். "அப்பா, நாம இப்பவே நாளையிலதான் இருக்கோம்."

"என்னடா உளறுற?"

"நிஜமாப்பா! வில்மா அக்கா சொன்னாங்க. வேணும்னா காமினியைக் கேளுங்க."

"ஆமா அங்கிள்" என்று காமினி விளக்கத் தொடங்கினாள். "அங்க மணி எட்டு. இங்கயும் எட்டு. ஆனா அங்க நேத்து. அவங்களோட நாளை இருக்குல்ல, அது நம்மளோட இன்னைக்கு. அவங்க கடிகாரம் வேற திருப்பிச் சுத்துது..."

அதற்கு மேல் அவளுக்கே தலை சுற்றியது.

"எனக்கு ஒண்ணுமே புரியலையேம்மா" என்றார் மோகனராஜ்.

"எனக்கும்தான் அங்கிள்."

"புரியாட்டிப் பரவால்லப்பா" என்றான் குகன். "எந்திரிங்க."

தாதி கைப்பேசியை வாங்கிக்கொண்டதில் திரை ஆடியது. மோகனராஜின் முகம் மறைந்து, மேலே சுழலும் மின்விசிறி தெரிந்தது. எதுவோ உரசும் சத்தம். "மெதுவா, மெதுவா" என்று தாதியின் குரல். "ஐயோ அம்மா!" என்று அப்பாவின் குரல். பிறகு வாக்கர் தரையில் தட்டித் தட்டி நகரும் சத்தம்.

குகன் காமினியின் கையைப் பிடித்துக்கொண்டான். நன்றாக வலித்தது. காமினி கையை இழுக்கவில்லை.

"மேல பாருங்க" என்றார் குமுதா.

மூன்றாவது மாடி ஜன்னலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டை, இரண்டு கைகளுக்கும் கீழே வாக்கர். அவர் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் பார்த்து யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா! அந்தப் பக்கம் இல்லப்பா! லெஃப்ட்! லெஃப்ட்ல பாருங்க!" என்று குகன் கைப்பேசியில் கத்தினான்.

"லெஃப்ட் அங்கிள்! லெஃப்ட்!" என்று காமினியும் கத்தினாள்.

மோகனராஜ் மெல்லத் திரும்பினார். மரத்தடியில் குதித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். ஒரு கையை மிகக் கவனமாக வாக்கரிலிருந்து எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்தார்.

கைப்பேசியில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

டொக் டொக்.